பதினோரு மணிக்கு எட்டு டிகிரி

அக்காவுக்கு மனிதர்களைவிட இயந்திரங்களின்மேல்தான் பிரியம் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அம்மா அதை மனக்குறையாகச் சொல்வாள். நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். விளக்க முடியாதவற்றுக்கெல்லாம் ஏதாவது விளக்கம் சொல்லும் பழக்கம் அந்த வேலையோடு வந்தது. அதனால் அம்மாவிடம், அக்கா தனிமையை விரும்புகிறவள், அவளை விட்டுவிடு என்பேன். இரண்டும் தவறு. அதை நாங்கள் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்வதற்கு முன்னால், அவள் எப்படி இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் தேரோடும் வீதிக்கு ஒரு தெரு தள்ளியிருந்த தனியார் மருத்துவமனையில் அவள் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தாள். அங்கே ஒன்பது சர்வர் கணினிகள் இருந்தன. பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, உள்நோயாளிகளின் குறிப்புகளுக்கு ஒன்று என்று எட்டு. அந்த எட்டையும் கண்காணிப்பது மட்டுமே வேலையாக ஒன்பதாவது. அவளுடைய பொறுப்பு அந்த ஒன்பதாவது. “எல்லாத்தையும் ஒரு மிஷின் பாத்துக்கினு இருக்குது. அந்த மிஷினை நான் பாத்துக்கினு இருக்கேன்” என்று ஒருமுறை அம்மாவுக்கு விளக்கினாள்.

“உன்னை யாருடி பாத்துக்குவாங்க?” என்று அம்மா கேட்டாள். அம்மாவின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கல்யாணத்தில்தான் போய் நிற்கும்.

ஒவ்வொரு இயந்திரமும் தான் செய்ததையெல்லாம் நேரம் குறித்து வரிவரியாக எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அந்த வரிகளைச் சுருக்கி, காலை ஆறரை மணிக்கு ஒன்பதாவது இயந்திரம் ஒரு ரிப்போர்ட் அனுப்பும். நலமாக இருப்பவை பச்சையிலும் நோயுற்றவை சிவப்பிலும் இருக்கும். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அக்கா நிறத்தைப் பார்க்கவே மாட்டாள். “பச்சையா இருக்குதுன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்லை பாப்பா. நல்லா இருக்குதுன்னு யாரோ எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.” வரிகளை அச்செடுத்துக்கொண்டு வந்து, ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை படிந்திருக்கும். அதை அப்படியே குடிப்பாள்.

அவள் தேடியது பிழைகளை அல்ல என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிழையை இயந்திரமே கத்திச் சொல்லிவிடும். வந்திருக்க வேண்டிய ஏதாவது வராமல் இருக்கிறதா என்பதைத்தான் தேடினாள். நாலே காலுக்கு ‘நகல் எடுத்து முடிந்தது’ என்று ஒரு வரி தினமும் வரும்; ஒரு நாள் அது இல்லாவிட்டால் தாள் முழுவதும் பச்சையாக இருந்தாலும் அவள் எழுந்துவிடுவாள். ஒருமுறை நான்கு நாள்களாக ரிப்போர்ட்டில் குறையே இல்லை. மேனேஜர் அவளைப் பாராட்டக்கூடச் செய்தார். அவளோ முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். “ஞாயித்துக்கிழமை லேப் அரை நாள்தான் சார். சனிக்கிழமை எண்ணிக்கையே ஞாயித்துக்கிழமையும் எப்படி வரும்?” போய்ப் பார்த்தால், ஒன்பதாவது இயந்திரம் உறைந்துபோய்ப் பழைய ரிப்போர்ட்டையே தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கண்காணிப்பவன் இறந்துவிட்டான், நலம் என்ற செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. இதை அவள் எங்களிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கம் மருத்துவமனையின் வாசலோடு நிற்கவில்லை. உள்ளறையில் தாளில் மூழ்கியிருப்பாள். நாங்கள் நான்கு தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் திடீரென்று, “அம்மா, மூணாவது விசில் வரலை” என்பாள்.

“அடுப்பை அணைச்சிட்டேன்டி, உன் மூஞ்சி! சோறு வெந்துடுச்சி. கூப்பிட்டா கேக்காத காது, குக்கரு கூப்பிடாததுக்கு மட்டும் கேக்குதா?”

பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை அவள் திருப்பி அனுப்பியதும் இப்படித்தான். சர்க்கரைப் பொங்கலும் காராபூந்தியும் சாப்பிட்டு, அவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வீடு கட்டியது, பையனுக்கு வத்தக்குழம்பு பிடிக்கும் என்பது, அவன் ஏழாம் வகுப்பில் வாங்கிய பரிசு எல்லாம் வந்தன. அவர்கள் போனதும் அக்கா சேலையைக்கூட மாற்றாமல், “அந்தாளுக்கு வேலை போயிருக்குது” என்றாள்.

“யாருடி சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை. அத்தினி பேச்சு பேசினாங்க, வேலையைப் பத்தி ஒரு வார்த்தை வந்துதா?”

அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவர்கள் குடியிருந்த ஐயங்குளத்துப் பக்கத்திலிருந்து, அவள் சொன்னதுதான் உண்மை என்று செய்தி வந்து சேர்ந்தது. அதன்பிறகும் அம்மா பேசாமல்தான் இருந்தாள். காரணம் மட்டும் மாறியிருந்தது.

எங்கள் எதிர்வரிசையில் தையல் மிஷின் பழுது பார்க்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே தனியாக வசித்தார். ஒரு காலை, அக்கா வாயில் பல்துலக்கியோடு வெளியே வந்து நின்றாள். கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் வரவில்லை என்றாள். இன்று அவருக்கு ஊருக்குப் போகிற வேலை இருக்கும் என்றேன். அவள் தெருவைக் கடந்து போய்ப் பின்கதவைத் தட்டினாள். பிறகு நான்கு பேரைக் கூட்டிக் கதவை உடைக்கவைத்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, குரல் எழுப்பக்கூட முடியாமல் பாய் கிடந்தார். ஊன்றுகோலோடு கடைக்குத் திரும்பிய பிறகு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவளைக் காட்டிச் சொல்வார்: “இந்தப் பொண்ணு இருக்கிற தெருவுல நிம்மதியா மௌத்தாகக்கூட முடியாதும்மா. உடனே கண்டுபுடிச்சிடும்.” அக்கா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வாள்.

இனி தேர்நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வைகாசியில் தேர் வரும் நாளன்று, அது போகும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகும் கம்பிகளை இறக்கிவிடுவார்கள். தேர் கடந்த பிறகுதான் இணைப்பு வரும். மருத்துவமனைக்கும் அதே கம்பிதான். ஜெனரேட்டர் ஓடும், நோயாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எட்டு இயந்திரங்களும் மின்சாரம் போனதையும் வந்ததையும் புகார்களாக எழுத, ஒன்பதாவது அத்தனையையும் எல்லா மருத்துவர்களின் கைபேசிக்கும் அனுப்பும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, அறுவை அரங்கில் இருந்த மருத்துவரின் பையில் கைபேசி ஓயாமல் அலறியது. அடுத்த ஆண்டிலிருந்து அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். தேரன்று காலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஒன்பதாவது இயந்திரம் எதையும் அனுப்பாமல் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கும். இதை அவள் ‘வாயைக் கட்டுவது’ என்பாள். அதற்கு அவளே ஒரு விதியும் வைத்திருந்தாள்: வாயைக் கட்டினவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மௌனத்தில் இருக்கும்போது அவள் கைபேசியிலும் சாம்பல் நிறம்தான் தெரியும். உள்ளே என்ன எழுதப்படுகிறது என்பதை மருத்துவமனைத் திரையில்தான் பார்க்க முடியும். ஆகவே ஒன்பது ஆண்டுகள், ஊரே வீதியில் நிற்கும் காலைகளில், அவள் ஒரு குளிர்ந்த அறையில் தனியாக வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரங்களின்மேல்தான் பிரியம் என்ற எங்கள் நம்பிக்கைக்கு இதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

பதினோராவது ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. “புதுக் கண்ணால ஒரு தடவை தேரைப் பாத்துடணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கணும்” என்றாள். அக்கா தயங்கினாள். நான்தான் விடவில்லை. “பத்து மணிக்குள்ள தேர் நம்மளைத் தாண்டிடும்க்கா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடு” என்றேன். அவள் வீட்டிலிருந்தே வாயைக் கட்டிவிட்டு, எங்களோடு வந்தாள்.

தேர் முனையில் திரும்பும்போது நின்றுவிட்டது. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை சிக்கி, வடத்தை எப்படி இழுத்தாலும் அசையவில்லை. முன்னாலும் பின்னாலும் கூட்டம். அம்மாவை நடுவில் நிறுத்திக்கொண்டு நாங்கள் ஒரு பாத்திரக்கடை வாசலில் ஒடுங்கி நின்றோம். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில் அக்கா கைபேசியை எடுத்தாள்.

“நான் கெளம்பணும். பதினொண்ணானா கத்த ஆரம்பிச்சிடும்.”

“இந்தக் கூட்டத்துல எப்படிடி போவே?” என்றாள் அம்மா.

நான் சொன்னேன்: “இன்னும் கொஞ்ச நேரம் வாயைக் கட்டேன்க்கா. வருசத்துல ஒரு நாளு எங்களோட இருந்தா உன் மிஷின் செத்தா போயிடும்?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எரிச்சல் இல்லை அந்தப் பார்வையில். இப்படி ஒருவர் தன்னை நிறுத்திவைக்கமாட்டார்களா என்று காத்திருந்தவளைப் போல இருந்தாள். கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி, நேரத்தை மூன்று மணி வரை நீட்டினாள். பிறகு தண்ணீர்ப்பந்தலிலிருந்து மூன்று பேருக்கும் பானகம் வாங்கி வந்தாள். தன் பங்கைக் குடித்துவிட்டு, அம்மா மிச்சம் வைத்ததையும் குடித்தாள். தேர் அசைந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தாள். அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வேளையில் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், இரத்தப் பைகள் வைத்திருந்த குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. முந்தைய வாரம் சுவருக்கு வண்ணம் பூசியவர்கள் அதன் பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத வேறொரு சாக்கெட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எட்டரைக்கு வீதியில் மின்சாரம் நின்றதும் பெட்டியும் நின்றது. பெட்டியிலேயே ஒரு மணி உண்டு; அது அடித்தது. அதைக் கேட்க வேண்டியவர் தேர் பார்க்கப் போயிருந்தார். பெட்டியின் வெப்பமானியோடும் இணைந்திருந்த ஒன்பதாவது இயந்திரம் மட்டும் தன் கடமையில் தவறாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதிக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்கு எட்டு டிகிரி. பத்தைத் தாண்டினால்தான் பைகளைக் கொட்டிவிட வேண்டும். அவள் நேரத்தை நீட்டாமல் இருந்திருந்தால், அந்த நிமிடம் எல்லாக் கைபேசிகளும் அலறியிருக்கும், பைகள் பிழைத்திருக்கும். பதினொன்று ஐம்பதுக்கு அது பத்தைத் தாண்டியது. அக்கா இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினாறு.

அவளே எல்லாருக்கும் தகவல் சொன்னாள். பைகளைக் கொட்டினார்கள். அன்று மாலை ஐயம்பேட்டையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட இரத்தம் திருவிழா நெரிசலில் சிக்கிக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவள் போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்தது.

இரத்தம் கைவசம் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். “பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது இல்ல டாக்டர்?” என்று அக்கா கேட்டாள். 

இறந்தவளின் வீட்டார் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விதி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்பெட்டி நின்ற விஷயமே அவர்களுக்குத் தெரியாது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தணிந்த குரலில் பேசினார். “யாரும் கேக்கலைம்மா. நீ எதையும் அழிக்க வேணாம், அது தப்பு. தொடவே தொடாதே. முப்பது நாளானா லாக்கு தானா அழிஞ்சிடுமில்ல? சும்மா இரு, போதும்.”

பழைய வரிகள் இடத்தை அடைக்காமல் முப்பது நாளில் தாமாக அழிய வேண்டும் என்பது அக்கா செய்திருந்த ஏற்பாடுதான்.

அந்த ஒரு மாதத்தை நினைக்க எனக்கு இன்றும் துணிவில்லை. அவள் தினமும் வேலைக்குப் போய் வந்தாள். தாள்களை வீட்டுக்குக் கொண்டு வருவது நின்றது. சாப்பிடும்போது கை நடுவில் நின்றுவிடும். “விடுடி, தெய்வத்துக்குத் தெரியாததா? உன் பேரை நீயே ஏன் கெடுத்துக்கறே?” என்று அம்மா அழுதாள். நானும் அதையேதான் படித்தவளின் மொழியில் சொன்னேன்: இறந்தவளின் கணவருக்கு இருக்கும் துக்கம் போதாதா, கோபத்தையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்றேன். எவ்வளவு அழகாகப் பேசினேன்! அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இருபத்தொன்பதாம் நாள் இரண்டு பக்கங்களை அச்செடுத்தாள். “ஐயம்பேட்டைக்குப் போறேன். தனியா போக முடியலை. நீ வரியா பாப்பா?” என்று கேட்டாள்.

இறந்தவளின் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வீட்டில் இருந்தார். கூடத்தின் நடுவில் தூளி தொங்கியது. பேசும்போதெல்லாம் அதை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும், “உக்காருங்கம்மா” என்று பாயை விரித்தார். அக்கா தாள்களை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் இங்கிலீசா இருக்குது. என்னாம்மா போட்டிருக்குது இதுல?”

அக்கா தாளைத் தரையில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். எட்டரைக்கு மின்சாரம் நின்றது. எட்டு நாற்பதுக்கு ஐந்து டிகிரி. ஒன்பதரைக்கு ஆறு. ஒன்பதரையிலிருந்து ஒவ்வொரு வரியிலும் ‘எச்சரிக்கை, அனுப்பப்படவில்லை’. பத்து ஐம்பத்தாறுக்கு மௌனம் மூன்று மணி வரை நீட்டிக்கப்பட்டது.

“அதுக்குப் பக்கத்துல போட்டிருக்கிறது என் பேரு” என்றாள்.

தூளி நின்றது. அவர் கேட்டார்: “நீ எங்கம்மா இருந்தே அப்போ?”

“தேரு பாத்துக்கினு இருந்தேன்.”

“ஏன் நீட்டினே?”

நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டிருந்தன. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“தேரு நின்னுடுச்சி. வீட்டுக்காரங்களோட இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு எனக்குத் தோணிச்சி.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாக்கியம் தொண்டையில் முழுமையாக உருவாகி நின்றது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. நான் தூளியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இத்தை வச்சிக்கினு நான் என்னா பண்றது?” என்றார் அவர்.

“வக்கீல்கிட்ட குடுக்கலாம். ஆஸ்பத்திரியைக் கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க. நான் வந்து சொல்றேன்.”

“சொன்னா?”

 அவர் தாள்களை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த உறைக்குள் செருகினார். குழந்தை சிணுங்கியது. “போங்கம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

பேருந்தில் திரும்பும்போது, “ஏன்க்கா என்னைச் சொல்லலை?” என்று கேட்டேன்.

“அழுத்தினது என் விரலு” என்றாள். சற்றுக் கழித்து, “லாக்ல இருக்கிறதைத்தான் சொல்ல முடியும்” என்றாள். அதை அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்றும் இல்லை.

மறுநாள் காலை மேனேஜரிடம், தாள்களை ஐயம்பேட்டையில் கொடுத்துவிட்டு வந்ததை அவளே சொன்னாள். மாலையில் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஐயம்பேட்டைக்காரர் வக்கீலிடம் போகவே இல்லை. சில மாதங்கள் அக்கா வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். யாராவது வந்து தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. தண்டனையாவது வந்திருந்தால் அவள் தேறியிருப்பாளோ என்று நான் சில சமயம் எண்ணுவதுண்டு. பிறகு ஓசூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே அவளுக்கு எந்த இயந்திரத்தின் பொறுப்பும் இல்லை. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினாள். வைகாசியில் மட்டும் அல்ல, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட ஊருக்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் இறந்துபோனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் அறையில் ஒரு தாள்கூட இல்லை.

அம்மா கடந்த தை மாதம் போனாள். கடைசி நாள்களில், அக்காவுக்கு மனிதர்கள்மேல் பிரியம் அதிகம் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை மறுக்கவும் யாரும் இல்லை. ஐயம்பேட்டையில் அவர் இருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. பாத்திரக்கடை வாசலில் அன்று பத்து ஐம்பத்தைந்துக்கு என்ன பேசப்பட்டது என்று அறிந்தவர்கள் மூன்று பேர். இருப்பது நான் ஒருத்திதான்.